ஒரே சோதனை, பல்லாயிரம் திரைகள்: உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தானியங்குச் சோதனை பரவிய வரலாறு

எழுதி முடித்த மென்பொருள் எதிர்பார்த்தபடி இயங்குகிறதா என்பதை, ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்க்காமல், இன்னொரு நிரலைக் கொண்டே சரிபார்ப்பதைத் தானியங்குச் சோதனை என்பர். ஒரே வகைக் கணினியில் ஒரே இயங்குதளத்தில் ஓடும் மென்பொருளுக்கு இது ஓரளவு எளிதாகவே அமைந்தது. இணையதளத்தின் நிலை வேறு. அதை எழுதுபவர் எந்த உலாவியில், எந்தப் பதிப்பில், எந்தத் திரையில் அது திறக்கப்படும் என்பதைத் தீர்மானிக்க இயலாதவர். ஆறு உலாவிகள், ஒவ்வொன்றிலும் புழக்கத்தில் உள்ள மூன்று பதிப்புகள், நான்கு இயங்குதளங்கள் என்று கணக்கிட்டால் தாளில் 72 சேர்க்கைகள் வந்து நிற்கும். கைப்பேசிகளையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொடும். இந்தப் பெருக்கத்தைச் சமாளித்த வரலாறு பெரும்பாலும் கணினிகள் மலிந்து வேகம் கூடிய கதையாகவே சொல்லப்படுகிறது. கணினிகள் மலிந்தது உண்மைதான் என்றாலும், உலாவிகளைத் தயாரித்த போட்டி நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை வெளியார் நிரலொன்று இயக்குவதற்கு எப்போது, எப்படி இசைந்தன என்பதிலேதான் அந்த வரலாற்றின் முதன்மையான திருப்பங்கள் பலவும் அடங்கியுள்ளன.

கணினியைக் கொண்டே கணினியைச் சோதிக்கும் எண்ணம் இணையத்துக்கு முந்தியது. 1983-இல் ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கின்டாஷ் கணினி உருவாகிக்கொண்டிருந்தபோது, அதிலிருந்த 128 கிலோபைட் நினைவகத்துக்குள் மேக்ரைட், மேக்பெயின்ட் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றும் நெருக்கடியோடுதான் ஓட வேண்டியிருந்தது. நினைவகம் தீரும் தறுவாயில் தலைகாட்டும் பிழைகளைக் கையால் சோதித்துப் பிடிப்பது கடினமாக இருந்ததால், ஸ்டீவ் கேப்ஸ் என்ற பொறியாளர் ‘குரங்கு’ என்று பெயரிட்ட சிறு நிரலொன்றை எழுதினார். அது சுட்டியை மனம்போனபடி நகர்த்தியும், கண்ட இடத்தில் அழுத்தியும், விசைகளைத் தட்டியும், கண்ணுக்குத் தெரியாத குரங்கொன்று கணினியின் முன் உட்கார்ந்திருப்பதுபோல மென்பொருளை வாட்டியது. ஆனால் குரங்கு சற்று நேரத்தில் மெனுவிலிருந்த ‘வெளியேறு’ கட்டளையையும் அழுத்திவிட, சோதனை பாதியில் நின்றுபோயிற்று. அதனால் குரங்கு இயங்கும் நேரத்தில் மட்டும் அத்தகைய கட்டளைகளை மென்பொருளே தவிர்த்துக்கொள்வதற்காக, கணினியின் நினைவகத்தில் ஓர் அடையாளக்குறியை வைக்கும் யோசனையை பில் அட்கின்சன் கூறினார். சோதிக்கும் நிரலுக்கும் சோதிக்கப்படும் மென்பொருளுக்கும் இடையே ஓர் உடன்பாடு இல்லாமல் சோதனை நெடுநேரம் நடவாது என்பதை அந்தச் சிறு அடையாளக்குறி அப்போதே காட்டிவிட்டது. பின்னாளில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளோடு வந்த இதே போன்ற கருவிக்கும் குரங்கு என்ற பெயரே அமைந்தது.

அடுத்த பத்தாண்டுகளில் ‘பதிவு செய்து மீண்டும் ஓட்டுதல்’ என்ற முறை பரவியது. சோதனையாளர் ஒருமுறை திரையில் செய்யும் செயல்களைக் கருவி பதிவு செய்துகொண்டு, பிறகு வேண்டியபோதெல்லாம் அவற்றை அப்படியே திரும்பச் செய்துகாட்டும். 1989-இல் தொடங்கப்பட்ட மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், குயிக்டெஸ்ட் ஆகிய கருவிகள் இத்துறையில் கோலோச்சின. 2006-இல் எச்பி நிறுவனம் மெர்குரியை ஏறத்தாழ 450 கோடி டாலருக்கு வாங்கியது என்பதிலிருந்தே அந்தச் சந்தையின் மதிப்பை உணரலாம். இக்கருவிகள் உரிமக் கட்டணம் செலுத்திய அலுவலகங்களுக்குள், விண்டோஸ் கணினிகளை நம்பி வாழ்ந்தவை. பல உலாவிகள் என்ற சிக்கலுக்காகப் பிறந்தவை அல்ல.

அந்தச் சிக்கல் 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப்புக்கும் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் இடையே மூண்ட போட்டியில் தொடங்கியது. இரு நிறுவனங்களும் தத்தமக்கு உகந்த குறிச்சொற்களையும் நிரல் வசதிகளையும் புகுத்திக்கொண்டே போனதால், ஒன்றுக்கென்று எழுதிய பக்கம் மற்றொன்றில் சிதைந்து தெரிந்தது. தள உரிமையாளர்கள் இன்ன உலாவியில் பார்ப்பது நல்லது என்று முகப்பிலேயே அறிவிப்புப் பட்டை ஒட்டிவைத்தார்கள். 2001-இல் வெளிவந்த எக்ஸ்ப்ளோரரின் 6-ஆம் பதிப்பு சந்தையைப் பெரும்பாலும் தன்வசப்படுத்தியதும் போட்டி அடங்கியது. 2003-இல் சஃபாரி, 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸின் முதற்பதிப்பு, 2008 செப்டம்பரில் குரோம் என்று புதியவை வந்து சேர்ந்தபோது, சோதிப்போரின் பணி மீண்டும் பன்மடங்காகியது. ஒரே விண்டோஸ் கணினியில் எக்ஸ்ப்ளோரரின் இரண்டு பதிப்புகளை முறையாக நிறுவ முடியாது என்பதால், 6-ஆம் பதிப்புக்கு ஒரு கணினி, 7-ஆம் பதிப்புக்கு ஒரு கணினி என்று மேசைகள் நிறைந்தன. இந்தக் குறைக்கு மாற்றாக, 2006 இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பழைய பதிப்பு அடங்கிய மெய்நிகர் கணினி ஒன்றை, அதாவது கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியை, குறிப்பிட்ட காலக்கெடுவோடு இலவசமாகத் தந்தது. அதே ஆண்டில் யாகூ நிறுவனம் உலாவிகளைத் தரம் பிரித்து ஓர் அட்டவணை வெளியிட்டது. முழுமையாகச் சோதிக்கப்பட வேண்டியவை ஏ தரம், பழையவையாதலால் அடிப்படை உள்ளடக்கத்தை மட்டும் பெறுபவை சி தரம், சோதிக்கப்படாமலே நம்பி விடப்படுபவை எக்ஸ் தரம் என்ற அந்தப் பாகுபாடு, எல்லாவற்றையும் சோதிக்க இயலாது என்பதை ஒரு பெரிய நிறுவனம் பொதுவில் ஒப்புக்கொண்ட ஆவணமாகவும் மதிப்புடையது.

இந்தச் சூழலில், 2004-இல், சிகாகோ நகரிலிருந்த தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் அலுவலகத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்ற நிரலாளர், ஊழியர்கள் தங்கள் பணிநேரத்தையும் செலவுகளையும் பதிவு செய்யும் ஓர் உள்அலுவலகச் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஓர் உலாவியில் சரியாக இருந்தது மற்றொன்றில் கெட்டுப்போவதும், திருத்திய பிழை திரும்ப வருவதும் வாடிக்கையாகிவிட, எல்லா உலாவிகளுக்கும் பொதுவான ஒன்றைப் பிடித்துக்கொண்டு சோதனையை எழுத முடியுமா என்று அவர் ஆராய்ந்தார். அந்தப் பொதுவான ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழி. உலாவிக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கொண்டு பக்கத்திலுள்ள பொத்தான்களை அழுத்தவும் கட்டங்களை நிரப்பவும் முடியும் என்பதால், எந்த உலாவியானாலும் அதே சோதனை ஓடும். சோதனைகள் மூன்று பத்திகள் கொண்ட எளிய அட்டவணைகளாக எழுதப்பட்டன: முதற்பத்தியில் செய்ய வேண்டிய செயல், இரண்டாவதில் எந்த உறுப்பின் மீது என்பது, மூன்றாவதில் இட வேண்டிய மதிப்பு. திரையின் மேற்பகுதியில் அட்டவணையின் வரிசைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகவோ சிவப்பாகவோ நிறம் மாற, கீழ்ப்பகுதியில் செயலி தானாகவே இயங்குவதைக் காண முடிந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அந்த அட்டவணையும், கண்முன்னே நடக்கும் அந்த இயக்கமுமே கருவி வேகமாகப் பரவியதற்குப் பெரிய காரணங்கள். முன்பு சொன்ன போட்டி நிறுவனத்தின் பெயரான மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று மருந்தாகும் என்று ஹக்கின்ஸ் மின்னஞ்சலில் வேடிக்கையாகக் குறிப்பிட்டதிலிருந்து செலினியம் என்ற பெயர் நிலைத்தது. திறந்த மூலமாக, அதாவது எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளக்கூடியதாக, அது வெளியிடப்பட்டதால் உரிமக் கட்டணம் செலுத்த இயலாத சிறு குழுக்களுக்கும் தானியங்குச் சோதனை எட்டியது.

ஆனால் செலினியம் உலாவிக்குள் நுழைந்தது உலாவியின் இசைவைப் பெற்று அன்று. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் மற்றொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்ற பாதுகாப்பு விதி எல்லா உலாவிகளிலும் உண்டு. ஒரே மூல விதி என்று அதைக் குறிப்பிடுவர். வங்கித் தளத்தைத் திறந்து வைத்திருப்பவரின் தகவலை வேறொரு தளத்தின் நிரல் திருடாமல் காக்கும் விதி அது. அதன்படி செலினியத்தின் நிரலும் அந்நிய நிரலே ஆகையால், சோதிக்கப்படும் தளத்தின் சர்வரிலேயே செலினியத்தின் கோப்புகளையும் வைத்தாக வேண்டியிருந்தது; பிறருடைய தளத்தையோ, இரண்டு தளங்களுக்கிடையே தாவும் பணியையோ சோதிக்க வழியில்லை. பால் ஹாமன்ட் உள்ளிட்ட சக ஊழியர்கள் இதற்கு மாற்று தேடியதன் விளைவாக வளர்ந்ததே தொலை இயக்கி என்ற அமைப்பு. உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவே ஓர் இடைநிலைச் சர்வர் அமர்ந்து, செலினியத்தின் நிரலும் சோதிக்கப்படும் பக்கமும் ஒரே இடத்திலிருந்து வருவனபோல் உலாவியை நம்பவைத்தது. சோதனையை ஜாவா, பைத்தான், ரூபி என்று விரும்பிய மொழியில் எழுதும் வசதியும் இதனால் கிடைத்தது. 2006-இல் ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசடானி ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான நீட்சியாக ஒரு பதிவுக் கருவியை எழுதி இத்திட்டத்துக்கு வழங்க, பதிவு செய்து மீண்டும் ஓட்டும் பழைய முறையும் இதில் வந்து சேர்ந்தது.

ஏமாற்றி நுழைந்த வழியாதலால் அதன் எல்லைகளும் விரைவில் தெரிந்தன. பயனரின் கோப்பை அவர் அறியாமல் எடுத்து அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கோப்பு தேர்ந்தெடுக்கும் பெட்டியை நிரப்ப ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அனுமதியில்லை; ஆகவே விண்ணப்பத்தோடு ஆவணத்தை இணைக்கும் மிகச் சாதாரணமான செயலைக்கூட அதனால் சோதிக்க முடியவில்லை. உலாவி எழுப்பும் எச்சரிக்கைப் பெட்டிகளைக் கையாளுவதிலும், மெய்யான விரல் விசையை அழுத்துவதை ஒப்பச் செய்வதிலும் இதே தடை குறுக்கிட்டது. ஒவ்வொரு உலாவியும் பாதுகாப்பைக் கூட்டக் கூட, சோதனைக் கருவி நுழையும் சந்தும் குறுகிக்கொண்டே வந்தது.

தாட்வொர்க்ஸிலேயே பணியாற்றிய சைமன் ஸ்டூவர்ட் 2007-ஐ ஒட்டி வெப்டிரைவர் என்ற தனித் திட்டத்தில் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினார். எல்லா உலாவிகளுக்கும் பொதுவான ஒரு வழியைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வோர் உலாவியையும் அதனதன் இயல்புக்கேற்ற வழியில் இயக்குவதென்றும், சோதனை எழுதுபவருக்கு மட்டும் கட்டளைகள் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார். எக்ஸ்ப்ளோரரை விண்டோஸ் தந்த இயக்க வசதிகளின் வழியாகவும், ஃபயர்ஃபாக்ஸை ஒரு நீட்சியின் வழியாகவும் வெப்டிரைவர் ஓட்டியது. உழைப்பு இதில் மிகுதி. ஓர் உலாவியின் புதிய பதிப்பு வந்தால் அதற்குரிய பகுதியைத் திருத்தியாக வேண்டும். ஆயினும் கோப்புப் பெட்டியும் எச்சரிக்கைப் பெட்டியும் வசப்பட்டன. 2009-இல் செலினியமும் வெப்டிரைவரும் ஒன்றாக இணைவதாக அறிவிக்கப்பட்டு, 2011 ஜூலையில் செலினியம் 2 வெளிவந்தது.

இணைப்பைவிட நீடித்த பயனைத் தந்தது அதை அடுத்து நிகழ்ந்த பொறுப்பு மாற்றம். கட்டளைகள் இணையத்தின் வழக்கமான தகவல் பரிமாற்ற முறையிலேயே அனுப்பப்படும்படி வெப்டிரைவர் வகுக்கப்பட்டிருந்ததால், அந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் இயக்கியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை உருவாயிற்று. ஓப்ரா நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் உலாவிக்கான இயக்கியைத் தாங்களே எழுதினார்கள். குரோம் குழுவும் அவ்வாறே செய்தது. ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவும் மைக்ரோசாஃப்ட்டும் பின்தொடர, 2016-இல் ஆப்பிள் நிறுவனம் சஃபாரியின் 10-ஆம் பதிப்போடு இயக்கியைச் சேர்த்தே அளித்தது. தன் உலாவியின் உள்ளமைப்பை அறிந்தவரே அதன் இயக்கியையும் பராமரிப்பதால், வெளியிலிருந்து ஊகித்து எழுதும் நிலை முடிவுக்கு வந்தது. சைமன் ஸ்டூவர்ட்டும் டேவிட் பர்ன்ஸும் தொகுப்பாசிரியர்களாக இருந்து உருவாக்கிய வெப்டிரைவர் விதிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜூன் 5 அன்று அதிகாரபூர்வப் பரிந்துரையாக ஏற்றது. 2004-இல் ஓர் அலுவலகச் செயலிக்காக எழுதிய நிரலிலிருந்து, சந்தையில் எதிரெதிரே நின்ற நிறுவனங்கள் ஒரே ஆவணத்துக்கு உடன்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. இணையத் தொழிலின் வரலாற்றில் இதற்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை என்றே கூற வேண்டும். பயனர் கண்ணில் படாத, விளம்பரத்துக்கு உதவாத ஒரு பொதுவசதிக்காகப் போட்டியாளர்கள் இவ்வளவு காலம் ஒன்றாக உழைத்தது அரிதான நிகழ்வு.

மொழி பொதுவானதோடு எண்ணிக்கையும் பெருக வேண்டியிருந்தது. ஒரு தளத்துக்கு 1,000 சோதனைகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் 2 நிமிடம் எடுக்கும் என்றும், ஐந்து உலாவிகளில் ஓட்ட வேண்டும் என்றும் கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட 10,000 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ ஏழு நாள்கள் ஆகும். நிரலாளர் காலையில் செய்த திருத்தத்துக்கு அடுத்த வாரம் விடை கிடைக்கும். அதே சோதனைகளை 100 கணினிகளுக்குப் பகிர்ந்தளித்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். 2008-இல் பிலிப் ஹன்ரிகூ உருவாக்கிய செலினியம் கிரிட் இந்தப் பகிர்வைச் செய்தது: நடுவில் மையம் என்ற ஒரு கணினி, அதனோடு இணைந்த முனைகள் என்ற பல கணினிகள், விண்டோஸில் இன்ன உலாவி வேண்டும் என்று சோதனை கேட்டால், அந்த உலாவியோடு ஓய்வாக இருக்கும் முனையைத் தேடி மையம் வேலையை ஒப்படைக்கும். முனைகளைப் பராமரிப்பதோ ஓயாத வேலை. உலாவிகள் தாமாகப் புதுப்பித்துக்கொண்டு இயக்கியோடு பொருந்தாமல் போகும். மூடப்படாத உலாவிகள் நினைவகத்தைத் தின்றுகொண்டே கிடக்கும். இதைப் பிறருக்காகச் செய்துதரும் தொழில் தோன்றியது இயல்பே. 2008-இல் ஹக்கின்ஸ், ஸ்டீவன் ஹேசல், ஜான் டன்ஹம் ஆகியோர் சாஸ் லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மெய்நிகர் கணினிகளில் உலாவிகளை வாடகைக்கு விட்டார்கள். 2011-இல் ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், முதலில் உலாவியைத் தொலைவிலிருந்து கையால் இயக்கிப் பார்க்கும் வசதியைத் தந்து, பிறகு தானியங்குச் சோதனைக்கும் மெய்யான கைப்பேசிகளுக்கும் விரிந்தது; 2021-இல் முதலீட்டாளர்கள் அதை 400 கோடி டாலராக மதிப்பிட்டனர்.

கைப்பேசிகள் வந்தபோது உலாவிகளில் கற்ற பாடங்கள் பாதியளவே உதவின. உலாவி ஒரு மென்பொருள். அதை எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்து எத்தனை கணினியிலும் நிறுவலாம். கைப்பேசியோ கையில் பிடிக்கும் பொருள். அதன் திரையின் அளவு, நினைவகம், நுண்செயலி, தயாரிப்பாளர் செய்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தே அதில் ஓடும் செயலியின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. ஓப்பன்சிக்னல் நிறுவனம் தன் செயலியைப் பதிவிறக்கிய ஆண்ட்ராய்டுக் கருவிகளின் வகைகளை எண்ணியபோது, 2012-இல் 3,997 ஆக இருந்தது 2015-இல் 24,093 ஆக உயர்ந்திருந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் வகைகள் குறைவு என்றாலும் கதவு இறுக்கமாக மூடியிருந்தது; 2010-இல் அந்நிறுவனம் தந்த யுஐஆட்டோமேஷன் என்ற வசதியின் வழியாகவே பெரும்பாலும் செயலியை இயக்க முடிந்தது, அதுவும் ஒரு மேக் கணினியில் ஒரு நேரத்தில் ஒன்று என்ற கட்டுப்பாட்டோடு.

உலாவிகளின் தொடக்க வரலாறு இங்கே மறுபடி நிகழ்ந்தது. சூஸ்க் நிறுவனத்தில் பணியாற்றிய டேன் குவெல்லர், ஆப்பிளின் அந்த வசதிக்குள் வெளியிலிருந்து ஒவ்வொரு கட்டளையாக அனுப்பி இயக்கும் ஒரு வழியை 2011-இல் கண்டறிந்து, 2012-இல் லண்டனில் நடந்த செலினியம் மாநாட்டில் சில நிமிட உரையொன்றில் செய்துகாட்டினார். திரையை அழுத்தும் எந்திர விரலொன்றை உருவாக்கி, ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டை அதைக்கொண்டே ஆடவைத்துக்கொண்டிருந்த ஹக்கின்ஸ், கைப்பேசிச் சோதனையில் அப்போது ஈடுபாடு மிகுந்தவராக இருந்ததால் குவெல்லரோடு சேர்ந்துகொண்டார். வெப்டிரைவர் கட்டளைகளையே கைப்பேசிச் செயலிகளும் ஏற்கும்படி அவர்கள் வளர்த்த அந்தக் கருவி அப்பியம் என்ற பெயரைப் பெற்று, சாஸ் லேப்ஸின் ஆதரவோடு புதிதாக எழுதப்பட்டு, 2014-இல் அதன் முதற்பதிப்பு முழுமை பெற்றது. உலாவிக்கு எழுதிப் பழகிய சோதனையாளர் புதிய மொழி எதையும் கற்காமல் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எழுத முடிந்தது இதனால்தான்.

மொழிச் சிக்கல் தீர்ந்தபின் பொருள்களின் சிக்கல் மிஞ்சியது. தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், கிளியர்லெஃப்ட் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரமி கீத், 2012-இல் தங்கள் அலுவலகத்திலிருந்த கைப்பேசிகளை ஊரிலுள்ள எவரும் வந்து சோதித்துக்கொள்ளலாம் என்று அறிவிக்க, பலரும் தங்களிடமிருந்த பழைய கருவிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பொதுக் கருவிக்கூடம் என்ற இந்த முறை பல நாடுகளிலும் பரவியது. ஊர் நூலகத்துக்குப் புத்தகம் கொடுப்பதுபோல் கைப்பேசி கொடுத்து வளர்த்த அந்தக் கூடங்கள் கையால் சோதிப்பதற்கு ஏற்றவை. தானியங்குச் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டுவதென்றால் அது வேறு அளவிலான பணி என்பதை, ஃபேஸ்புக் நிறுவனம் 2016-இல் விரிவாக வெளியிட்ட தன் அனுபவம் தெளிவாக்குகிறது.

செயலியில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அதை மெதுவாக்குகிறதா, நினைவகத்தையோ பேட்டரியையோ கூடுதலாக உறிஞ்சுகிறதா என்பதை அறிய அந்நிறுவனத்துக்கு மெய்யான கைப்பேசிகள் தேவைப்பட்டன. கணினியில் கைப்பேசிபோல் நடிக்கும் மென்பொருளால் இவற்றை அளக்க முடியாது. முதலில் பொறியாளரின் மேசையருகே சிறிய தாங்கியொன்றில் சில கைப்பேசிகள் வைக்கப்பட்டன. அடுத்து, உலோகம் வைஃபை அலைகளைத் தடுக்கும் என்பதால் பிளாஸ்டிக்கில் பெரிய தாங்கி செய்யப்பட்டது. பிறகு ஓர் அறையின் சுவர் முழுவதும் கைப்பேசிகள் மாட்டப்பட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் யூஎஸ்பி கம்பிகள் சிக்குண்டன; எண்ணிக்கை கூடக் கூட ஓர் அறைக்குள் அத்தனை கைப்பேசிகளின் வைஃபை அலைகளும் ஒன்றோடொன்று மோதி இணைப்பு அறுந்தது. இடமும் அலையும் ஒருசேரத் தீர்ந்துபோனபின்பே, ஆரிகன் மாநிலத்தில் பிரைன்வில் ஊரிலிருந்த தன் தரவு மையத்துக்குக் கைப்பேசிகளைக் கொண்டுசெல்ல அந்நிறுவனம் முடிவெடுத்தது. சர்வர்களை அடுக்கும் அலமாரியைப் போலவே, ஆனால் மின்காந்த அலை உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாதபடி அடைக்கப்பட்ட அலமாரிகள் தனியாக வடிவமைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் 32 கைப்பேசிகளும் அவற்றுக்கே உரிய வைஃபையும் இருந்தன. ஐபோன் அலமாரியில் எட்டு மேக் மினி கணினிகள் தலைக்கு நான்கு ஐபோன்களையும், ஆண்ட்ராய்டு அலமாரியில் நான்கு சர்வர்கள் தலைக்கு எட்டுக் கைப்பேசிகளையும் ஓட்டின. மூடிய அலமாரிக்குள் எந்தத் திரையில் என்ன தெரிகிறது என்பதைத் தொலைவிலிருக்கும் பொறியாளர் காண்பதற்காக உள்ளே ஒரு கேமராவும் வைக்கப்பட்டது. இவ்வாறு சுமார் 60 அலமாரிகளில் ஏறத்தாழ 2,000 கைப்பேசிகள் சோதனைக்கு நின்றன. யாரும் அழைக்காத, யாரும் கையிலெடுக்காத அந்தக் கைப்பேசிகளின் வரிசை, மென்பொருள் என்ற அருவமான தொழில் எவ்வளவு கம்பியையும் தகட்டையும் மனித உழைப்பையும் சார்ந்திருக்கிறது என்பதற்குச் சான்றாக உள்ளது. இத்தகைய கூடத்தைத் தாமே கட்ட இயலாதவர்களுக்காக அமேசான் 2015-இல் கருவிப் பண்ணை என்ற வாடகைச் சேவையைத் தொடங்க, கூகுளும் அதே ஆண்டில் தன் சோதனைக் கூடத்தை அறிவித்தது.

எண்ணிக்கை பெருகியபின் வெளிப்பட்ட ஒரு நோய் உண்டு. நிரலில் எந்த மாற்றமும் இல்லாதபோதே ஒருமுறை வென்றும் மறுமுறை தோற்றும் ஊசலாடும் சோதனைகளைத் தொழிலில் ஃபிளேக்கி சோதனைகள் என்பர். பக்கம் வந்து சேர ஒரு நொடி தாமதமானாலும், அசைந்துகொண்டிருக்கும் பொத்தானை அழுத்தினாலும், முந்தைய சோதனை விட்டுச்சென்ற தரவு குறுக்கிட்டாலும் இது நேரும். ஒரு சோதனை ஆயிரத்தில் ஒருமுறை மட்டுமே இப்படிப் பொய்யாகத் தோற்கும் என்று வைத்துக்கொண்டாலும், அத்தகைய 1,000 சோதனைகளைச் சேர்த்து ஓட்டும்போது எல்லாமே வெல்லும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். மூன்றில் ஏறத்தாழ இரண்டு ஓட்டங்களில் இல்லாத பிழையொன்று இருப்பதாகக் காட்டும். கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஏதோ ஓர் அளவு ஊசலாட்டம் இருந்தது; வென்றுகொண்டிருந்த சோதனை திடீரெனத் தோற்ற நிகழ்வுகளில் 84 விழுக்காடு அவற்றோடு தொடர்புடையவை. சிவப்பு விளக்கு எரிந்தாலும் இன்னொருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று நிரலாளர் பழகிவிட்டால், மெய்யான பிழையும் அந்தப் பழக்கத்தில் கடந்துபோய்விடும் என்பதுதான் இதன் பெருங்கேடு. 2017-இல் குரோம் உலாவி திரையில் தோன்றாமலேயே இயங்கும் வசதியைப் பெற்றதும், 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் கருவி, உறுப்பு அழுத்தத்தக்க நிலையை அடையும்வரை தானே காத்திருக்கும் முறையை இயல்பாக்கியதும் இந்த நோயின் ஒரு பகுதியைத் தணித்தன. கேள்விக்குப் பதில் என்றிருந்த வெப்டிரைவர் உரையாடலை, உலாவியும் தானாக முன்வந்து செய்தி சொல்லும் இருவழி உரையாடலாக விரிக்கும் பணியை டபிள்யூ3சி அமைப்பும் மேற்கொண்டது.

தமிழில் இயங்கும் தளங்களும் செயலிகளும் இந்த வரலாற்றில் தனியொரு சிக்கலை எதிர்கொண்டன. ‘கொடு’ என்ற சொல்லைக் கணினி தன் நினைவகத்தில் ககர எழுத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும் வைத்துச் சேமிக்கிறது. திரையில் வரையும்போதுதான் ஒற்றைக்கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகப் பிரித்து எழுத்தமைப்புப் பொறி வைக்கிறது. அந்தப் பொறி சரியாக அமையாத கருவியில் கொம்பு எழுத்தின் வலப்பக்கம் போய் வட்டப்புள்ளியோடு தனியே நிற்கும். 2010-ஐ ஒட்டி விற்பனையான ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லாததால், சொல் முழுவதும் வெற்றுக் கட்டங்களாகவே தெரிந்தது. செலினியமும் அப்பியமும் திரையிலுள்ள சொல்லைக் கேட்கும்போது, திரையில் வரையப்பட்ட வடிவத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் உள்ளமைப்பில் சேமித்துள்ள எழுத்துகளையே பெற்று ஒப்பிடுகின்றன. ஆகவே, பயனர் கண்ணுக்குக் கட்டங்கள் மட்டுமே தெரியும் அதே கைப்பேசியில் சோதனை பச்சை விளக்கோடு வெற்றி பெறும்.

இந்தக் குறையை நிரப்புவதற்காகவே திரையைப் படமெடுத்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடும் காட்சிச் சோதனை என்ற முறை வளர்ந்தது. எந்தப் படத்தோடு ஒப்பிட வேண்டுமோ அந்த அடிப்படைப் படத்தை ஒவ்வொரு வகைத் திரைக்கும் ஒருமுறையேனும் மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அதன் விதி. கட்டங்கள் நிறைந்த திரையை ஒருவர் கவனியாமல் ஏற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் கருவி அந்தக் கட்டங்களையே சரியென்று உறுதி செய்துகொண்டிருக்கும். வாடகைக் கூடங்களில் பல்லாயிரம் கருவிகள் அடுக்கப்பட்டுவிட்ட பின்னும், அந்த முதற்படத்தில் ‘கொ’ சரியாக விழுந்திருக்கிறது என்று சொல்வதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையின் முன் உட்கார வேண்டியிருக்கிறது.